பின்னால் நின்றது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஆண்டு ஹிப்னாஸிஸ் பயிற்சி ஒன்றை முடித்தேன். அதன் கடைசிப் பகுதி, வருபவரை முற்பிறவிக்கு அழைத்துச் செல்வது. இதுவரை பதினோரு பேருக்குச் செய்திருக்கிறேன். மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு நன்றாகவே வந்தது.

போன மாதம் ஒரு பெண் வந்தார். தண்ணீர் என்றாலே பயம் என்றார். ஆழ்நிலைக்குப் போனதும் ஏதோ ஒரு கரையில் நிற்பதாகச் சொன்னார். உங்களுக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேட்டேன். ஒரு பெண் என்றார். அவர் இந்தப் பிறவியில் யாராக வந்திருக்கிறார் என்று கேட்டேன். “அக்கா” என்று சொல்லிவிட்டு மூச்சுத் திணறுவதுபோல அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அவசர அவசரமாக ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி எழுப்பிவிட்டேன். அன்று முழுக்க அவருக்குத் தலைவலி. இப்போது அக்காவுடன் பேசுவதையே நிறுத்திவிட்டாராம். தண்ணீர்ப் பயமும் போகவில்லை.

நான் எங்கே தவறினேன்? இதைப் பற்றி நீங்கள் ஒருமுறை கிண்டலாக எழுதியது நினைவிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கிண்டல் செய்தது உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. தலைவலியையும் அக்காவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் வெற்றிக் கதைகளை எழுதுபவர்கள்தான் அதிகம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிப்னாஸிஸில் வருவது முற்பிறவியின் நினைவு என்று நான் நம்பவில்லை. மறுபிறவி உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. மறுபிறவியை நம்புகிறவரும் இந்த வழியைச் சந்தேகப்படலாம். தங்களுக்கு முற்பிறவி நினைவிருப்பதாகச் சொன்ன குழந்தைகளைத் தேடித்தேடி ஆயுள் முழுக்கப் பதிவு செய்த வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனே, ஹிப்னாஸிஸ் வழியாக வரும் கதைகளைப் பெரும்பாலும் ஏற்கவில்லை.

பல வருடங்களுக்கு முன் நானும் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறேன். நடத்தியவர் நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். “குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள், காலில் என்ன இருக்கிறது?” என்றார். வெறுங்கால் என்றேன். “தரை ஈரமாக இருக்கிறதா?” அதுவரை எனக்குத் தரையே இல்லை. அவர் கேட்ட மறுகணம் தரை வந்தது, ஈரமாகவும் இருந்தது. “அது தண்ணீர்தானா?” அந்த ‘தானா’வில் ஒரு இழுப்பு இருந்தது. தண்ணீர் இல்லை, ரத்தம் என்றேன். பத்து நிமிடத்தில் நான் ஒரு போர்க்களத்தில் ஈட்டி குத்திச் செத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் போர்க்களத்தைக் கட்டியது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து. அவர் ஏமாற்றமடைந்துவிடக் கூடாதே என்ற நினைப்பு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, அதுவும் எனக்குத் தெரிந்தது.

தமிழில் ஹிப்னாஸிஸுக்கு ‘அறிதுயில்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. பாற்கடலில் கிடப்பவனுக்கு உரிய சொல்லை இங்கே எடுத்துப் போட்டது யாரோ, ரொம்பச் சரியாகப் போட்டிருக்கிறார். படுத்திருப்பவர் தூங்கவில்லை. உங்கள் குரலில் ஏறும் ஆர்வம், நீங்கள் நிமிர்ந்து உட்காரும் சத்தம், பேனா வேகமாக ஓடுவது, எல்லாமே அவருக்குக் கேட்கிறது. எதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கிறது என்று அவர் மனம் படித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அந்தப் பெண் சொன்னது கரையில் நிற்கிறேன் என்பது மட்டும்தான். பின்னால் ஒருவர் இருப்பதாக அவர் சொல்லவில்லை. அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள். “யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை. “நிற்பது யார்?” என்றால் அங்கே ஒருவர் நின்றே ஆக வேண்டும். அப்புறம் “இந்தப் பிறவியில் யார்?” என்றீர்கள். அந்த உருவத்துக்கு முகம் வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த முகங்களில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். நமக்குள் கொஞ்சம் கசப்போ குற்ற உணர்வோ மிச்சமிருக்கிற முகம்தானே முதலில் கைக்கு வரும்? அக்கா தங்கைக்குள் அப்படி எதுவும் இல்லாத வீடு எது?

இதை நான் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஸ்பானோஸும் அவரது குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். முந்தைய காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்களுக்கு, சொல்லப்படாதவர்களைவிட அதிகமாக அப்படிப்பட்ட ‘முற்பிறவி’கள் வந்தன. ஒருவர் தான் ஜூலியஸ் சீசர் என்றும், கி.பி. 50இல் ரோமின் சக்கரவர்த்தி என்றும் சொன்னார். சீசர் செத்தது கி.மு. 44இல். சக்கரவர்த்தியாக அவர் முடிசூடவே இல்லை. தான் வாழும் ஆண்டைக் ‘கிறிஸ்துவுக்குப் பின்’ என்று எண்ணும் வழக்கமும் அந்தக் காலத்து மனிதருக்கு ஏது?

தன்னைச் சீசர் என்றவர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். பிரைடி மர்ஃபி கதை உங்கள் பயிற்சியில் வந்திருக்கும், பாதியாக. அமெரிக்காவின் கொலராடோவில் 1952இல் மோரி பெர்ன்ஸ்டீன் என்ற வியாபாரி, வர்ஜீனியா டை என்ற பெண்ணை ஹிப்னாஸிஸில் ஆழ்த்தினார். அந்தப் பெண் ஐரிஷ் உச்சரிப்பில், தான் 1798இல் கார்க் நகரில் பிறந்த பிரைடி என்று பேசினார். 1956இல் அது புத்தகமாகி நாடே பித்துப் பிடித்து அலைந்தது. நிருபர்கள் அயர்லாந்துக்கே போனார்கள். அவர் சொன்ன இரண்டு மளிகைக்கடைக்காரர்களின் பெயர்கள் பொருந்தின. பிரைடி பிறந்ததற்கோ இறந்ததற்கோ ஒரு பதிவும் கிடைக்கவில்லை. பிறகு, வர்ஜீனியா சிறுமியாகச் சிகாகோவில் இருந்தபோது எதிர்வீட்டில் ஒரு ஐரிஷ் பெண்மணி வசித்தது தெரியவந்தது. திருமணத்துக்கு முன் அவர் பெயர் பிரைடி மர்ஃபி. எங்கே கேட்டோம் என்பது மறந்துபோய், கேட்டது மட்டும் உள்ளே தங்கிவிடும். அது மேலே வரும்போது சொந்த அனுபவம் போலவே வரும். சொல்கிறவருக்கே வித்தியாசம் தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் உங்கள் ஸ்கிரிப்டை எடுத்து, “இந்தப் பிறவியில் அவர் யார்?” என்ற வரியை அடித்துவிடுங்கள். வேறு எதை வைத்துக்கொண்டாலும் இது வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒருவர் மேல், அவர் இல்லாத அறையில், அவர் மறுக்கவே முடியாத ஒரு குற்றத்தைச் சுமத்தும் கேள்வி இது. ஹிப்னாஸிஸில் வரும் நினைவுகள் கற்பனை கலந்தவையாக இருக்கலாம், சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985லேயே சொல்லிவிட்டது. அது இந்தப் பிறவியின் நினைவுகளைப் பற்றி.

சரி, பிறகு என்னதான் கேட்பது? குறைவாகக் கேளுங்கள். “என்ன தெரிகிறது?” “பிறகு?” “அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.” இவ்வளவு போதும். அவர் ‘கரை’ என்றால் நீங்களும் கரை என்றே சொல்லுங்கள், ‘ஆற்றங்கரை’ என்று மாற்றிவிடாதீர்கள். ஆறு உங்களுடையதாகிவிடும். பகலா இரவா என்று கேட்பதுகூட இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்வதுதான். பயிற்சி முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்கு இருபது நொடி மௌனம் தாங்காது. எதையாவது கேட்டு நிரப்பிவிடுவார்கள். தண்ணீர்ப் பயத்துக்காக வந்தவரிடம் ‘கரை’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குள் மணி அடித்திருக்கும். மூழ்கடிக்கப்பட்ட கதை அப்போதே உங்கள் மனதில் தயாராகியிருக்கும். அந்த மணி அடிக்கும்போதுதான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அழுகைக்கு வருகிறேன். அழுவது ஆபத்தில்லை. அரண்டுபோய்ப் படபடவென்று எண்ணியதுதான் பிசகு. நடத்துபவரின் பயம் அப்படியே படுத்திருப்பவருக்குள் இறங்கும். குரலைத் தாழ்த்தி, மெதுவாக, “நீங்கள் என் எதிரே இந்த நாற்காலியில் இருக்கிறீர்கள், என் குரல் கேட்கிறது, கால் தரையில் படுகிறது” என்று சொல்லுங்கள். அந்தக் காட்சியைத் தூரத்தில், திரையில் ஓடுவதுபோலப் பார்க்கச் சொல்லலாம். நிறுத்த வேண்டும் என்றால் கையைத் தூக்குங்கள் என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டு ஆறுதல் சொல்லலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எண்ணி எழுப்பும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் வேண்டும். கண் திறந்த பிறகும் விரல்களை அசைக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், கால் மணி நேரமாவது சும்மா பேசிக்கொண்டிருக்கட்டும். அரைத் தெளிவில் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மயக்கத்திலேயே மாட்டிக்கொள்வார்களோ என்று நீங்கள் பயந்திருக்கலாம். அப்படி நடக்காது. நீங்கள் அறையைவிட்டுப் போய்விட்டால்கூட அவராகவே கண் திறப்பார், இல்லாவிட்டால் தூங்கி எழுவார்.

ஒன்றும் தெரியாத அந்த மூன்று பேரை விடுங்கள். ஹிப்னாஸிஸுக்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். அவர்களை வற்புறுத்தி ஒரு ராஜா ராணி கதையை வரவழைக்காமல் விட்டீர்களே, அதற்கு என் பாராட்டு.

இன்னொன்று, யாரைப் படுக்க வைக்கவே கூடாது என்பது. இல்லாத குரல் கேட்கிறது என்பவர், மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், சமீபத்தில் பெரிய இழப்பையோ வன்முறையையோ சந்தித்தவர், இவர்கள் வந்தால் உரிய மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. வெறும் தண்ணீர்ப் பயம் என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை நெருங்கிப் பழக்கும் சிகிச்சை உளவியலில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

ஆமாம், அவரை நீங்கள் அழைத்துப் பேசித்தான் ஆக வேண்டும். அதுவும் இந்த வாரமே. ஹிப்னாஸிஸ், மறுபிறவி என்று நீளமாக விளக்க வேண்டாம். “உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றதாக நீங்கள் சொல்லவில்லை, அதைக் கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது” என்று மட்டும் சொல்லுங்கள். பதிவு செய்திருந்தால், அவர் விரும்பினால், அந்த இடத்தைப் போட்டே காட்டிவிடுங்கள். அவர் உங்கள் மேல் கோபப்படலாம். அந்தக் கோபம் அக்கா மேல் இருப்பதைவிட உங்கள் மேல் இருப்பதே நியாயம்.