'தத்துவம்' தருவது யார், பெறுவது யார்?

கொழும்பில் நெடுங்காலம் சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்த ஒருவர், அதிகாரம் கொடுப்பதைக் குறிக்கும் சொற்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, கனடாவில் இருக்கும் அண்ணா எனக்கு 'அற்றோணித் தத்துவம்' எழுதி அனுப்பியிருக்கிறார். இதில் தத்துவம் எங்கே வந்தது?

சைவ சித்தாந்தத்தின் 36 தத்துவங்களுக்குள் தேட வேண்டாம், தங்கச்சி. இலங்கைச் சட்டத் தமிழில் 'தத்துவம்' என்றால், ஒரு காரியத்தைச் செய்யச் சட்டப்படி உள்ள அதிகாரம். 'அற்றோணி' என்பது ஆங்கில 'attorney', அதாவது இன்னொருவர் சார்பில் செயற்படுபவர். நம் அரசியலமைப்பில் வரும் 'ஆட்சித் தத்துவங்கள்' என்பதும் இதே பொருளில்தான். தமிழ்நாட்டில் இந்த ஆவணத்தை 'அதிகார ஆவணம்' என்கிறார்கள். பேச்சில் இரண்டு கரையிலும் 'பவர்'தான்!

சொல்லை விடுங்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பொதுவா, விசேடமா? விசேடம் என்றால் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும். 'வீட்டைப் பராமரிக்கவும் வாடகை அறவிடவும்' என்று மட்டும் இருந்தால், அதை வைத்து வீட்டை விற்க முடியாது. கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்துவிடும். காணி, வீடு சம்பந்தப்பட்டது என்றால் பதிவு விஷயத்தை நொத்தாரிசிடம் (ஆவணங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்) முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதே வாசகி: அப்போ என்னை என்னவென்று எழுதுவார்கள்?

'அற்றோணித் தத்துவக்காரர்'. எனக்குப் பிடித்த பட்டம் அது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை: 'பெண்களை வலுவூட்டல்' என்று பதாகை அடிக்கிறார்கள். சரியா?

'பெண்களுக்கு வலுவூட்டல்' என்பதே என் தெரிவு. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம், குழந்தையைச் சோறு ஊட்டுவதில்லையே. தமிழ்நாட்டில் 'அதிகாரமளித்தல்' என்பார்கள். தையல் பயிற்சி கொடுத்துவிட்டு 'அதிகாரமளித்தோம்' என்பது எனக்கு மிகையாகப் படுகிறது. வலு வேறு, முடிவெடுக்கும் உரிமை வேறு.

தெஹிவளை உயர்தர மாணவர்: அதிகாரப் பரவலாக்கமும் அதிகாரப் பகிர்வும் ஒன்றா, சேர்?

பத்திரிகைகளில் கலந்துதான் எழுதுகிறார்கள். பரீட்சையில் பிரித்து எழுதுங்கள், தம்பி. பிரதேச செயலாளர் மத்திய அரசின் அலுவலர். கொழும்பில் எடுத்த முடிவை ஊரில் நிறைவேற்றுகிறார். இது பரவலாக்கம். மாகாண சபை மக்கள் வாக்கால் தெரிவாக வேண்டியது, தன் விடயங்களில் அது நியதிச்சட்டம் (மாகாணத்துக்கான சட்டம்) இயற்றலாம். இது பகிர்வு; 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்தது. ஆனால் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டில் இருந்தும் மாகாணங்களின் கைக்கு முழுதாக வரவில்லை. அதனால் 'பகிர்ந்தார்கள்' என்று எழுதும்போது எதை, எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புள்ளி அங்கேதான் கிடைக்கும்.