குடியிருப்பவர் கதவைத் திறக்க மறுத்தால் கரப்பானை ஒழிப்பது எப்படி?

கேள்வி: மதுரையில் எங்கள் சொந்த வீட்டின் மாடியில் நாங்கள் இருக்கிறோம், கீழ்த்தளத்தை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆறு மாதங்களாக இரண்டு வீட்டுச் சமையலறையிலும் கரப்பான் தொல்லை தாங்கவில்லை. மருந்து அடிக்க இரண்டு முறை ஆள் அழைத்து வந்தேன். இரண்டு முறையும், “எங்கள் வீட்டில் பூச்சியே இல்லை” என்று கீழ்வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது மாற்றுச் சாவியால் திறந்து மருந்து அடித்துவிடலாமா? தண்ணீரை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் முதலிய அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தடை செய்கிறது. அதே சட்டம், வேலை செய்யவோ வீட்டின் நிலையைப் பார்வையிடவோ உள்ளே செல்ல வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது. பூட்டிய வீட்டைச் சொல்லாமல் திறந்தால், நியாயம் முழுவதும் அவர்கள் பக்கம் போய்விடும்.

முதலில் வந்திருப்பது எந்தக் கரப்பான் என்று பாருங்கள். இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில் சிங்க்கின் அடியையும் அலமாரிக் கீல்களையும் கவனியுங்கள். பெரிய, செம்பழுப்புக் கரப்பான் பெரும்பாலும் சாக்கடையிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் வருவது. அப்படியென்றால் உடைந்த மூடியையும் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்து இடைவெளியையும் அடைப்பது வீட்டுக்காரரான உங்கள் வேலை. அரை அங்குல அளவில், கழுத்தின் மேல் இரண்டு கருங்கோடுகளுடன் இளம்பழுப்பாக இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். கீலின் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் அப்பியிருக்கும் கரும்புள்ளிகள் அதன் எச்சம். இந்த இனத்தின் பெண் பூச்சி, 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டைப் பொரிக்கும் தறுவாய்வரை வயிற்றின் முனையிலேயே சுமந்து திரிகிறது. குழாய் வழியாக இது தளம் விட்டுத் தளம் ஏறும் என்பதால், உங்கள் வீட்டுக்கு மட்டும் மருந்து வைத்துப் பயனில்லை.

இனி, கீழ்வீட்டாரைப் பற்றி. நெடுங்காலம் வாடகை வீட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக்காரர் முன்னறிவிப்பின்றி மருந்து அடிக்கும் ஆளுடன் வாசலில் வந்து நிற்கும்போது, “உங்கள் வீடு அழுக்கு” என்று அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னதுபோல் காதில் விழும். பாத்திரங்களையெல்லாம் இறக்கிவைக்க வேண்டுமே, நெடியில் குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்ற அச்சமும் இருக்கலாம். ஆகவே ஆள் யாரும் இல்லாமல் தனியே சென்று, எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு என்ன தயக்கம் என்று கேளுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள்.

அவர்களின் தயக்கம் மருந்தைப் பற்றியதென்றால், ஜெல் மருந்து போதும் என்று சொல்லலாம். கீல், இடுக்கு, ஃப்ரிட்ஜின் பின்புறம் ஆகிய இடங்களில் துவரம்பருப்பு அளவுக்கும் சிறிதாகப் பொட்டு வைப்பார்கள். தெளிப்பு மருந்தின் நெடி இராது, வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. குழந்தையின் கைக்கு எட்டாத இடங்களில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஜெல் வைத்த இடத்தில் கடையில் வாங்கிய ஸ்பிரேயை யாரும் அடிக்கக் கூடாது. பூச்சி அந்தப் பக்கமே வராது, ஜெல் வீணாகிவிடும். கூட்டுக்குள் இருக்கும் முட்டையை இந்த மருந்து ஒன்றும் செய்யாது என்பதால், இரண்டு மூன்று வாரங்களில் மறுமுறையும் வைக்க வேண்டும். இதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் முறை கதவு திறக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், நாளும் நேரமும் காரணமும் குறித்த கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். கடிதம் கொடுத்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. தடுத்தால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம், கடித நகலையும் நாளிட்ட புகைப்படங்களையும் வைத்து முறையிடுவதே வழி.

செலவு யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சட்டத்தின் அட்டவணை வடிகால் சுத்தம் செய்வதைக் குடியிருப்பவர் பொறுப்பிலும், குழாய் மாற்றுவதை உரிமையாளர் பொறுப்பிலும் வைக்கிறது. பூச்சி இரண்டு வீட்டிலும் இருப்பதால் இந்த முறை முழுத் தொகையையும் நீங்களே ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பூச்சி மருந்துக்கென ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.