இமாமுராவின் குடில்

அன்புள்ள ஐயா,

ஜப்பானியத் தளபதி இமாமுரா ஹிதோஷி பற்றி ஒரு காணொளி பார்த்தேன். போர்க்குற்றத் தண்டனை முடிந்து வீடு திரும்பியவர், தோட்டத்தில் சிறு குடில் கட்டி அதிலேயே தன்னைச் சிறைவைத்துக்கொண்டாராம். கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவரைத் தண்டித்தது வென்றவர்களின் நீதிதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்,

குடில் உண்மை. 1954ல் விடுதலையாகி 1968ல் இறக்கும்வரை அதில்தான் இருந்தார். அதற்கு முன்பே, தோக்கியோ சிறையிலிருந்து தன் வீரர்கள் அடைபட்டிருந்த நியூகினிக்கு அருகிலுள்ள மானுஸ் தீவுக்கு, தானே கேட்டு வாங்கிப் போனார். ஆனால் தன்மேல் பழியே இல்லை என்று நினைப்பவர் குடில் கட்டமாட்டார், இல்லையா?

1942 மார்ச்சில் ஜாவாவைப் பிடித்தபோது அவர் ஏறிவந்த கப்பலே மூழ்கியது. டார்பிடோ விட்டது சொந்தக் கடற்படை! எண்ணெய் மிதந்த கடலில் தத்தளித்துக் கரையேறினார். அங்கே அவர் ஆட்சி மென்மையானது. தலைமையகத்துக்கு அது பிடிக்கவில்லை. காணொளிகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அவரைத் தண்டித்தது ரபவுலுக்காக; நியூகினிக்கு அருகே நியூபிரிட்டன் தீவிலிருந்த ஜப்பானியத் தளம் அது. அங்கே அவர் தலைமையின்கீழ், சிங்கப்பூரில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். பசியிலும் நோயிலும் அடியிலும் செத்தார்கள். சீனக் கைதிகளுக்கும் அதே கதி. தன் படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று 1947ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் பத்தாண்டு விதித்தது. எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1941 ஜனவரியில் ராணுவ அமைச்சர் தோஜோ பெயரில் வெளிவந்த 'செஞ்சின்குன்' என்ற படைவீரர் ஒழுக்கநெறி, இமாமுரா பொறுப்பிலிருந்த பயிற்சித் துறையில் தயாரானது. உயிரோடு பிடிபடுவது இழிவு என்றது அது. அதை மனப்பாடம் செய்த சிப்பாய், சரணடைந்து வந்த இந்தியனை எப்படி மனிதனாக மதிப்பான்? அதே இமாமுரா, போர் முடிந்ததும் 1945 செப்டம்பர் 6 அன்று, பேரரசரின் ஆணைப்படி, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான குளோரியில் ஏறி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களோடு சரணடைந்தார்.

வென்றவர்களின் நீதி பற்றித்தான் யோசிக்கிறீர்கள் என்றால் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் வழக்கைப் பாருங்கள். ஏறத்தாழ இதே குற்றச்சாட்டு. மணிலாவில் அவசர அவசரமாக விசாரித்து 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க உச்சநீதிமன்றத்திலேயே மர்ஃபி, ரட்லெஜ் என்ற இரு நீதிபதிகள் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியிருக்கிறார்கள்.