தீ அணைந்தபின் தொடங்கும் பாட்டு

அன்புள்ள சார்,

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கிடார் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் வீட்டில் வேறு ஒலி கிடையாது. எனக்கே அந்த வரி தூக்கத்தில் கேட்கத் தொடங்கியதும், அப்படி என்னதான் சொல்கிறது இந்தப் பாட்டு என்று வரிகளைத் தேடிப் படித்தேன். ஏமாற்றமாக இருந்தது. ஓர் ஊருக்குப் போனோம், கட்டடம் எரிந்துவிட்டது, வேறு இடம் தேடினோம், ஹோட்டலில் பதிவு செய்தோம். அவ்வளவுதான். உவமை இல்லை, உணர்ச்சி இல்லை. பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதுபோல இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளாக உலகம் இதைக் கொண்டாடுவது, யாரும் வாசித்துவிடலாம் என்பதால் மட்டும்தானா? வெளிவந்தபோதே வெற்றி பெற்றதா, பின்னால் வந்த புகழா? என் மகனை வேறு ஏதாவது நல்லதாக வாசிக்கச் சொல்லலாமா?

அன்புடன்,
ம., ஈரோடு

அன்புள்ள ம.,

மகனை நிறுத்தச் சொல்லாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் குறை என்று எழுதியிருப்பதுதான் அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறது. நடந்தது என்ன என்று தெரிந்தால் அந்த அடக்கம் எவ்வளவு அபூர்வமானது என்று உங்களுக்கே தெரியும்.

1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்ப்பிள் குழுவினர் ஐவரும் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்த்ரூ நகருக்கு வந்தார்கள். கிடார் ரிட்சி பிளாக்மோர், குரல் இயன் கில்லன், பேஸ் கிடார் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். ஸ்டுடியோவின் நான்கு சுவர்களுக்குள் தங்கள் மேடை ஒலி செத்துப்போகிறது என்பது அவர்களுடைய நெடுநாள் மனக்குறை. அதனால் ஆளில்லாத ஓர் அரங்கில், மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்துப் பதிவு செய்ய முடிவு செய்தார்கள். இடம், மோன்த்ரூ காஸினோ. பதிவுக்கருவிகள் அனைத்தும் ஒரு லாரிக்குள் இருந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவுக் கூடம் அது; வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குளிர்காலத்துக்காகக் காஸினோ மூடப்படும் முன் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி. டிசம்பர் 4ஆம் தேதி பிற்பகல் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் வாசிப்பார்கள். அது முடிந்தால் அரங்கு இவர்கள் கையில்.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்க இவர்களும் போயிருந்தார்கள். சின்தசைசர் தனியாக வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த யாரோ ஒருவன் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டான். நடுக்கடலில் சிக்கிக்கொண்டவர்கள் உதவி கேட்டு வானில் தீக்குண்டு விடுவார்களே, அந்தத் துப்பாக்கி. கூரையின் உட்புறம் பிரம்பு வேய்ந்தது. பற்றிக்கொண்டது. ஸாப்பா மேடையிலிருந்தே பதற்றப்படாமல் வெளியேறும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அன்று யாரோ திருட்டுத்தனமாகச் செய்த ஒலிப்பதிவு, 1992இல் முறைப்படியே வெளியிடப்பட்டது. இசை நின்று குரல்கள் மாறும் இடத்தை அதில் கேட்கலாம்.

உயிரிழப்பு இல்லை. அதில் கிளோட் நோப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மோன்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கி நடத்திவந்த மனிதர் அவர். உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். பாட்டில் ‘கிளோட்’ என்ற பெயர் வருவது அவரைத்தான். காஸினோ முழுக்க எரிந்து விழுந்தது. ஸாப்பா குழுவின் கருவிகளும் போயின. இவர்கள் ஹோட்டலில் உட்கார்ந்து, எரியும் கட்டடத்தின் புகை மலைக்காற்றில் இறங்கி ஏரிமேல் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் தலைப்பு அந்தக் காட்சி. சில நாள் கழித்து, அரைத்தூக்கத்தில் அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து வந்ததாக குளோவர் பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போதைப்பொருள் பாட்டென்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்களே என்று முதலில் தயங்கவும் செய்தார்கள்.

இப்போது பாட்டின் வரிகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். தீ எத்தனை வரியில் முடிந்துவிடுகிறது? முதல் பத்தியின் கடைசியில் பற்றுகிறது, இரண்டாம் பத்தியின் பாதியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. தீ வைத்தவனுக்குக் கிடைப்பது ‘முட்டாள்’ என்ற ஒரே ஒரு வசவு. மீதி முழுவதும் இடம் தேடுவது பற்றியது: வாடகை லாரி நிற்கிறது, நாள் போய்க்கொண்டிருக்கிறது, எங்கே போய் வாசிப்பது? பேரழிவைப் பாட வந்தவர்கள் பாடக்கூடிய பாட்டல்ல இது. வேலை கெட்டுப்போன தொழிலாளிகளின் பாட்டு. ராக் இசையில் காதல் உண்டு, கலகம் உண்டு, பேயும் பிசாசும் உண்டு. இன்றைய வேலையை எங்கே உட்கார்ந்து செய்வது என்ற கவலை மிக அரிது.

அந்தக் கவலை உண்மையானது. நோப்ஸ் முதலில் நகரிலேயே ‘பெவிலியன்’ என்ற அரங்கைப் பிடித்துக்கொடுத்தார். அங்கே ஓர் இரவு ஒரு பாட்டின் இசையை மட்டும் வாசித்துப் பதிவு செய்தார்கள். வரிகள் இல்லை, பெயரும் இல்லை. ‘தலைப்பு எண் 1’ என்று குறித்துவைத்தார்கள். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. வாசிப்பு முடியும்வரை போலீஸ் உள்ளே வராதபடி குழுவின் உதவியாட்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் மகன் வாசிக்கும் வரி அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் வாசிக்கப்பட்டதுதான். அண்டை வீட்டாரின் எரிச்சல் இந்தப் பாட்டுக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டது. உங்கள் தெருவில் யாராவது புகார் சொன்னால் இதைச் சொல்லிச் சமாளிக்கலாம்.

பெவிலியனும் கைவிட்டுப் போனது. கடைசியில் கிடைத்தது குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் கருவிகளை அடுக்கி, எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி வாசித்தார்கள். வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் வெளியே நிற்கும் லாரிக்குப் போக வேண்டும். அதற்கு அறைகளுக்குள் புகுந்து, பால்கனிகளைத் தாண்டி, பனியில் நடக்க வேண்டும். கொஞ்ச நாளில் அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தவர்களுக்குச் சரியென்று பட்டால் சரி. இப்படிப் பதிவான ‘மெஷின் ஹெட்’ என்ற இசைத்தொகுப்பில் இருக்கும் தைரியத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். தங்கள் பிழைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வீச்சு வந்திருக்காது.

ஏழு பாட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்புக்குச் சில நிமிடங்கள் குறைந்தபோதுதான் பெவிலியனில் பதிவான பெயரில்லாத இசை அவர்கள் நினைவுக்கு வந்தது. தலைப்பு குளோவரிடம் தயாராக இருந்தது. அவரும் கில்லனும் உட்கார்ந்து, அந்த நாட்களில் நடந்ததையே வரிசையாக எழுதினார்கள். நீங்கள் சொல்லும் தீர்மானப் புத்தகத் தன்மை அப்படி வந்தது. அலங்கரிக்க நேரமில்லை என்பது ஒரு பக்கம். அலங்கரித்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஏரி, நெருப்பு, புகை என்று கையில் இருந்தும் ஊழிக்கூத்தை வரவழைக்காமல் விட்டார்களே! மூன்றாம் பத்தியில் சிவப்பு விளக்குகள், பழைய கட்டில்கள், வாசலில் லாரி எல்லாம் வருகின்றன. பொருட்களின் பட்டியலாக நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். ஆளற்ற ஹோட்டலின் குளிர் எனக்கு அந்தப் பட்டியலில்தான் தெரிகிறது.

அடுத்து, எல்லோரும் வாசித்துவிடலாம் என்ற உங்கள் வாதம். நான்கே சுரங்கள்தான், உண்மை. நம் முறையில் சொன்னால் ஸ க ம, ஸ க ம ம, ஸ க ம, க ஸ. நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு மத்தியமங்களில் முன்னது பிரதி மத்தியமம், பின்னது சுத்த மத்தியமம். அந்த ஓர் அரைச்சுர இறக்கத்தில்தான் வரியின் முறுக்கு இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், சப்பென்று ஆகிவிடும். போதாததற்கு பிளாக்மோர் ஒற்றைச் சுரமாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நான்காம் இடைவெளியில் இன்னொரு சுரத்தைச் சேர்த்து, இரண்டு தந்திகளை ஒரே நேரத்தில் விரலால் சுண்டினார். தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தைத் தொடவில்லை. கூடவே ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைத் தேவாலய ஒலி வரும் வழக்கமான ஒலிபெருக்கியில் விடாமல், கிடாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செலுத்தி, கரகரப்பேற்றி, அதே வரியை வாசிக்கிறார். நாம் கிடார் என்று நினைத்துக் கேட்பதில் பாதி ஆர்கன். முதலில் கிடார் தனியே, பிறகு டிரம்ஸின் சிறு ஜால்ரா சலசலப்பு, ஆர்கன், முழு டிரம்ஸ், கடைசியில் பேஸ் என்று ஒவ்வொன்றாக ஏறும் வரிசையைக் கவனியுங்கள். குரல் நுழையும்போது பாதி வேலை முடிந்துவிட்டிருக்கும்.

வெற்றி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1972 மார்ச்சில் வெளிவந்த ‘மெஷின் ஹெட்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் தனி இசைத்தட்டாக அவர்கள் முன்னிறுத்தியது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறு பாட்டை. இன்று அதை முணுமுணுப்பவர்களை நான் பார்த்ததில்லை. இந்தப் பாட்டை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தொகுப்பை நிரப்ப வந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது மேடை. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த நிகழ்ச்சிகளின் பதிவு ‘மேட் இன் ஜப்பான்’ என்று வெளிவந்து பரவியது. 1973 மே மாதம் அமெரிக்காவில் இந்தப் பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். ஒரு பக்கம் தொகுப்பில் இருந்த பதிவு, மறுபக்கம் ஜப்பான் பதிவு. கோடையில் அது அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. பதிவாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

அது ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே, 1973 ஜூன் 29 அன்று, கில்லனும் குளோவரும் குழுவோடு தங்கள் கடைசி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். அதுவும் ஒசாகாவில். பாட்டின் இறுதி வரிகளில், இதிலிருந்து எங்களுக்கு என்ன கிடைத்தாலும் சரி, மறக்க மாட்டோம் என்று எழுதிய இருவர் இவர்கள்தான். கிடைத்தது வந்து சேர்ந்த நேரத்தில் அவர்கள் குழுவில் இல்லை. பின்னாளில் திரும்பிவந்தார்கள், அது வேறு கதை. பிரிட்டனில் இதைத் தனி இசைத்தட்டாக வெளியிட 1977 வரை யாருக்கும் தோன்றவில்லை.

மோன்த்ரூ காஸினோ மீண்டும் எழுந்து 1975இல் திறக்கப்பட்டது. அதற்குள்ளேயே நிரந்தர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றும் வந்தது. லாரியோடு ஊரைச் சுற்றியவர்கள் இன்னும் நாலு வருடம் பொறுத்திருக்கலாம்.

கடைசியாக உங்கள் மகன். பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரண்டு தந்திகளை ஒருசேரச் சுண்டி வாசிக்கச் சொல்லுங்கள். உலகத்தில் பாதிப் பேர் இந்த வரியைத் தட்டையாக உரசித்தான் வாசிக்கிறார்கள். பிளாக்மோருக்கே அதில் வருத்தம் உண்டு. விரலால் வாசித்தால் ஒலி சற்றுத் தணியும், வீட்டில் உங்களுக்கும் நிம்மதி. பிறகு ‘மேட் இன் ஜப்பான்’ பதிவைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே மூன்று இரவுகள் பதிவு செய்தார்கள். பெரும்பாலான பாட்டுகளைப் பிந்தைய இரண்டு இரவுகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பாட்டை மட்டும் முதல் இரவிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற இரண்டு இரவுகளிலும் பிளாக்மோர் அந்தத் தொடக்க வரியைச் சரியாக வாசிக்கவில்லை.

அன்புடன்