அம்மா மறந்துபோன குறுக்குவழி

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். கடுமையான மனச்சோர்வில் சாப்பாட்டையே விட்டுவிட்ட அம்மாவுக்கு எட்டு முறை ஷாக் ட்ரீட்மென்ட் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், கொழுந்து பறிக்கவும் போகிறார். ஆனால் சிகிச்சைக்கு முந்தைய வாரம் காட்டெருமை துரத்திய சோலையோரக் குறுக்குவழியில் பயமே இல்லாமல் நடக்கிறார். துரத்தியதே ஞாபகம் இல்லையாம். திரும்ப வருமா?

பதில்: அன்புச் சகோதரி, அந்த ஞாபகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது வராமலே போகலாம். இன்றைக்கே அம்மாவை அந்த வழியிலிருந்து நிறுத்துங்கள்.

எந்த அனுபவமும் மனதில் பதிந்து உறுதியாக நேரம் வேண்டும். 1949-ல் டங்கன் என்ற ஆய்வாளர், விளக்கு எரிந்ததும் அடுத்த பக்கம் ஓடித் தப்ப எலிகளைப் பழக்கினார். ஓடாவிட்டால் காலில் ஷாக். ஒவ்வொரு முறை பழக்கிய பிறகும் மூளைக்கு மின்சாரம் கொடுத்தார். 20 விநாடியில் கொடுத்தபோது எலிகள் மிக மோசமாகக் கற்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது சாதாரண எலிகளைப் போலவே கற்றுக்கொண்டன. மனிதர்களுக்கு இந்த எல்லை இன்னும் நீளம். சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், மாதங்கள், சிலருக்கு அதற்கு முந்தைய காலம்கூடக் கலைகிறது. மனச்சோர்வும் ஞாபகத்தைக் கெடுக்கும் என்பதால், அந்த வாரம் சரியாகப் பதியாமலே இருந்திருக்கலாம்.

கை பழகிய வேலை வேறு கணக்கு. அம்மாவின் விரல் இரண்டு இலை ஒரு கொழுந்தைத் தானாகவே தேடிப் போகிறதே, அதை மின்சாரம் தொடவில்லை. மற்ற ஞாபகங்களில் பெரும்பகுதி சில மாதங்களில் திரும்பும். புதிதாக ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதும் சில வாரங்களில் சீராகும். ஆகாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மறுபடி சிகிச்சை தேவைப்பட்டால், தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் வைக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். அதில் மறதி குறைவு.

"கரண்ட் வச்சு மூளையைக் கெடுத்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் மனம் உடையாதீர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சாப்பாட்டை ஒதுக்கியவர் இன்று கூடையோடு மலையேறுகிறார், அது சின்ன விஷயமா?

"இதுகூட ஞாபகமில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எருமை வந்த இடத்தைத் தூரத்திலிருந்து காட்டி, நடந்ததைப் புதுச் செய்தியாகச் சொல்லுங்கள். மறுநாளும் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மாதமாவது, மினி பஸ் போகும் ரோட்டிலேயே கூட நடந்து போங்கள்.