கான்கிரீட் மேடை எவ்வளவு கனம் இருக்கலாம்?

கேள்வி: சமையலறை மேடையை 40 மி.மீ. தடிமனில் கான்கிரீட்டில் வார்க்கப் போகிறோம். கீழே இருக்கும் மர அலமாரி தாங்குமா?

முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ, அதனால் 40 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 96 கிலோ, 2.4 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஸ்லாப் என்றால் மொத்தம் 138 கிலோ. கேட்கவே மலைப்பாக இருக்கும், ஆனால் 30 மி.மீ. கிரானைட்டே சதுர மீட்டருக்கு 80 கிலோ வந்துவிடும். தரையில் நிற்கிற, பக்கப் பலகைகள் திடமாக உள்ள அலமாரி தாங்கும். நடுவில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இடம் விட்டிருந்தால்தான் கவலை, அங்கே ஒரு இரும்பு ஆங்கிள் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குளியலறையில் வாஷ்பேசின் மேடை சுவரில் தொங்குகிற மாதிரி வேண்டும். அதே கலவை போதுமா?

வேண்டாம். 90-க்கு 50 செ.மீ. அளவில் 40 மி.மீ. வார்த்தாலே 43 கிலோ, அப்புறம் பேசின், அதில் நிற்கும் தண்ணீர், கையை ஊன்றிச் சாய்கிற ஆள் எல்லாம் அந்தச் சுவர் போல்ட்டின் மேல்தான். இதற்குக் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்தான் என் தேர்வு: 20 மி.மீ. போதும், முன் விளிம்பை மட்டும் கீழே மடித்து வார்த்தால் பார்க்கத் தடிமனாகவே தெரியும், எடை பாதியை ஒட்டி நின்றுவிடும். சிமென்ட்டின் காரத்தைத் தாங்கும் இழையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கண்ணாடி இழை உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும்.

கேள்வி: ஜல்லிக்குப் பதில் பெர்லைட் (சூட்டில் உப்பிய, லேசான எரிமலைப் பாறைத் துகள்) போட்டு எடையைக் குறைக்கலாமா?

குறையும், பலமும் சேர்ந்தே குறையும். அதைவிடச் சுட்டு உப்ப வைத்த களிமண் உருண்டைகள் நல்லது, கன மீட்டருக்கு 1800 கிலோ அளவில் நல்ல கலவை கிடைக்கும், முதலில் சொன்ன ஸ்லாப் 104 கிலோவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: கனமான கான்கிரீட்டில் கறை பிடிக்காதாமே?

எடைக்கும் கறைக்கும் சம்பந்தமில்லை. எலுமிச்சைச் சாறு எந்தக் கான்கிரீட்டையும் அரிக்கும், மேலே பூசுகிற நல்ல சீலர்தான் காக்கும்.

கேள்வி: வார்த்த ஸ்லாபை எப்படித் தூக்குவது?

கண்ணாடியைத் தூக்குவது போல நிமிர்த்தி, சிங்க் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு கட்டையை இறுக்கிக் கட்டித் தூக்குங்கள். ஒரு முறை நான்கு பேராகப் படுக்கை வசத்தில் தூக்கினோம், ஓட்டைக்கு முன்னால் நான்கு விரல் அகலத்துக்கு இருந்த பட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது, அந்த ஸ்லாபை மறுபடி வார்க்க வேண்டியதாகிவிட்டது.