சைக்கிள்காரரும் வீதி வரியும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் லண்டனில் ஹரோவில் வசிக்கிறேன். பார்க் ரோயலில் வேலை. தினமும் காரில்தான் போய்வருகிறேன். இந்த ஆண்டு வீதி வரி 195 பவுண் கட்டினேன். காப்புறுதி, எம்ஓடி எனும் வருடாந்த வாகனப் பரிசோதனை, எரிபொருள், பழைய டீசல் காரை வைத்திருந்தபோது புகை கூடிய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் யூலெஸ் கட்டணம் என்று என் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு காருக்கே போகிறது. ஒரு பென்ஸ்கூடக் கட்டாத சைக்கிள்காரர்களோ வீதியின் நடுவில், சிலவேளை இருவர் இருவராக, எங்களை மறித்துக்கொண்டு போகிறார்கள். சிவப்பு விளக்கையும் மதிப்பதில்லை. போன கிழமை ஒரு பொடியனைக் கடந்துபோகும்போது கண்ணாடியை இறக்கி, "வீதி வரி கட்டுகிறாயா?" என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஊரிலே சைக்கிளுக்குக்கூட சபையில் காசு கட்டித் தகடு எடுத்துத்தானே ஓடினோம்? இங்கே மட்டும் ஏன் இந்தச் சலுகை? நான் கேட்டதில் என்ன பிழை?

ஒரு வாசகர், ஹரோ

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கட்டிய 195 பவுண் வீதிக்கான வரி அன்று. ஒரு மோட்டார் வாகனத்தைப் பொதுவீதியில் வைத்திருப்பதற்கும் ஓட்டுவதற்கும் அரசு அறவிடும் வாகனத் தீர்வை அது. நீங்கள் சொல்லும் பொருளிலான வீதி வரி இந்த நாட்டில் ஒருகாலத்தில் உண்மையாகவே இருந்தது. 1937 ஏப்ரலோடு அது முடிந்துபோயிற்று.

1909 இல் லொயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது, மோட்டார் வாகனங்களிலிருந்தும் பெற்றோலிலிருந்தும் பெறும் வரிப்பணம் வீதிகளுக்கே செலவிடப்படும் என்ற ஏற்பாடு வந்தது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்று வீதி நிதியம் ஒன்றை அமைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து வரி கட்டியதற்கான வட்டச் சீட்டு காரின் முன்கண்ணாடியில் ஏறியது. ஆனால் 1926 இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அந்த நிதியத்திலிருந்து பணத்தை எடுத்துப் பொதுச்செலவுக்குத் திருப்பினார். மதுக்கடைகள் மீதும் பந்தயக் குதிரைகள் மீதும் விதிக்கும் வரி பொதுக்கருவூலத்துக்குப் போகும்போது, மோட்டார்காரர் கட்டுவது மட்டும் என்றென்றும் மோட்டார்காரருக்கே திரும்பவேண்டும் என்பது பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கே இழுக்கு என்பது அவருடைய வாதம். ஒரு பிரிவினர் தாங்கள் கட்டும் வரியைக் காட்டி வீதிக்கே சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள் என்ற கவலை, இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே கவலை, அன்றே எழுந்திருந்தது. 1937 இல் வரிக்கும் வீதிச் செலவுக்கும் இருந்த தொடர்பு சட்டப்படி அறுந்தது. 1955 இல் நிதியத்தின் பெயரும் இல்லாமற்போனது. ஆனால் வட்டச் சீட்டு 2014 ஒக்டோபர் வரை நம் கண்ணாடிகளில் ஒட்டியிருந்தது. அதனோடு "வீதி வரி" என்ற பழைய பெயரும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

2015 இல் அரசு இந்தத் தீர்வைப் பணத்தை மறுபடி வீதிகளுக்கென்று ஒதுக்கப்போவதாக அறிவித்ததே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஏற்பாடு இங்கிலாந்தின் மோட்டார்வேக்களையும் பெரும் நெடுஞ்சாலைகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மோட்டார்வேயில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. நீங்களும் அந்தப் பொடியனும் சந்தித்துக்கொண்டது போன்ற உள்ளூர் வீதிகளைக் கவுன்சில்கள் எனும் உள்ளூராட்சிச் சபைகள்தான் பராமரிக்கின்றன. அதற்கான பணம் கவுன்சில் வரியிலிருந்தும் அரசின் மானியங்களிலிருந்தும் வருகிறது. அந்தப் பொடியனின் வீட்டில் கவுன்சில் வரி கட்டுகிறார்கள். அவன் சைக்கிள் வாங்கியபோது பெறுமதி சேர் வரி கட்டியிருப்பான். வேலைக்குப் போகிறவன் என்றால் வருமான வரியும் கட்டுகிறான். அவன் வீட்டு வாசலில் ஒரு காரும் நிற்கக்கூடும், ஏனென்றால் இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டும் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கார் ஓட்டும் உரிமமும் வைத்திருப்பவர்கள்தான்.

உங்கள் தரப்பில் இதைவிட வலுவான ஒரு வாதம் இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை என்றாலும் நான் மறைக்க விரும்பவில்லை. எரிபொருள் தீர்வையையும் வாகனத் தீர்வையையும் கூட்டினால், அரசு வீதிகளுக்குச் செலவிடும் தொகையைவிட மோட்டார்காரர் கட்டுவது அதிகம். அது உண்மை. ஆனால் விபத்துகளால் மருத்துவமனைகளுக்கு வரும் செலவும், புகையால் நுரையீரல்களுக்கு வரும் கேடும், நெரிசலில் எல்லோரும் இழக்கும் நேரமும் அந்தக் கணக்கில் மறுபக்கம் ஏறவேண்டியவை. தவிரவும், பணம் கட்டியவருக்கே இடம் என்பதுதான் விதி என்றால், 2025 மார்ச் வரை மின்சாரக் கார்கள் இந்தத் தீர்வையில் ஒரு பென்ஸ்கூடக் கட்டாமல் ஓடினவே, அவற்றின் சாரதிகளை யாராவது கண்ணாடியை இறக்கி ஏசினோமா? நாற்பது வயது தாண்டிய பழைய கார்களுக்கும் இது இல்லை. உடல் ஊனமுற்ற பலரின் வாகனங்களுக்கும் இல்லை. அவர்களுக்கு வீதியில் உரிமை குறைவு என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

வீதியைத் தேய்ப்பவர் யார் என்ற கணக்கையும் பார்த்துவிடுவோம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வீதிகளைப் போட்டு, லொறிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஓடவிட்டுச் சோதித்தார்கள். அச்சு ஒன்றின் மீது ஏறும் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது, அதாவது சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது அதிலிருந்து பொறியியலாளர்கள் பெற்ற பொதுவிதி. ஆளோடு சேர்ந்து 100 கிலோ வரும் சைக்கிளில் ஓர் அச்சுக்கு 50 கிலோ. 1,600 கிலோ வரும் காரில் ஓர் அச்சுக்கு 800 கிலோ. பாரம் 16 மடங்கு. நான்காம் அடுக்கில் அது 65,536. அந்த விகிதத்தில் சைக்கிளுக்கு வரி போடுவதென்றால், உங்கள் 195 பவுணுக்கு ஈடாக அவனிடம் ஒரு பென்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வாங்கமுடியாது. உங்கள் காரும் ஒரு லொறிக்குப் பக்கத்தில் அப்படித்தான் என்பதையும் சொல்லவேண்டும். வீதியை உண்மையில் உடைப்பவை லொறிகள்.

ஊரிலே நாம் எடுத்த தகட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தத் தகரத்தை முன்பக்கத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டி ஓடியவர்களில் நானும் ஒருவன். அது உள்ளூர்ச் சபையின் சிறு வருமானம். தகடு இருந்த சைக்கிளுக்காக எந்தப் பேருந்தும் ஒதுங்கி நின்றதை நான் கண்டதில்லை. வேறு நாடுகளும் இதைச் செய்து பார்த்தன. ரொறன்ரோ நகரம் 1935 முதல் சைக்கிளுக்கு உரிமம் வழங்கி, 1957 இல் அதைக் கைவிட்டது. சுவிற்சர்லாந்தில் காப்புறுதிக்கென ஆண்டுதோறும் ஒட்டிய சிறு வில்லையை 2011 ஓடு நிறுத்திவிட்டார்கள். கோடிக்கணக்கான சைக்கிள்களைப் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளைக்கூடப் பொலிஸ் மறித்துச் சோதிப்பதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் காசைவிட அதிகமாகிவிடும்.

கார் வைத்திருப்பதன் செலவு உங்களை நெரிக்கிறது என்பதை நான் இலேசாக எடுக்கவில்லை. 2023 ஓகஸ்ட்டில் யூலெஸ் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, பழைய வாகனம் வைத்திருந்த துப்புரவுத் தொழிலாளரும் இரவுவேலைக்காரரும் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டவேண்டி வந்தது. நம்மவர்களில் பலர் அவர்களுள் அடக்கம். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கட்டணத்தை விதித்தவன் சைக்கிளில் போன பொடியன் அல்ல.

அவன் ஏன் நடுவில் போகிறான் என்பதற்கு வருகிறேன். கிரீன்போர்ட் வீதியில் ஒருநாள் நடந்துபோகும்போது ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். கரைக்கல்லை ஒட்டி மழைநீர் வடியும் இரும்புக் கிராதி இருக்கும். மழை பெய்தால் அதில் ரயர் வழுக்கும். அதைச் சுற்றித் தார் பெயர்ந்து பள்ளம் விழுந்திருக்கும். உடைந்த போத்தல் துண்டுகளை வாகனங்கள் ஓரத்துக்கே தள்ளிவைத்திருக்கும். அதைத் தாண்டினால் வரிசையாக நிறுத்திய கார்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. இவற்றையெல்லாம் காரின் இருக்கையிலிருந்து பார்க்கமுடியாது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட ஹைவே கோட் எனும் வீதி விதிநூல், அமைதியான வீதிகளிலும் வீதி ஒடுங்கும் இடங்களிலும் சைக்கிள்காரர் தம் தடத்தின் நடுவில் போகலாம் என்கிறது. இருவர் அருகருகே போகவும் இடமளிக்கிறது. காரிலிருந்து இறங்கும்போது கதவை அதற்கு எதிர்ப்புறக் கையால் திறக்கச் சொல்வதும் அதே திருத்தம்தான். இடது கையால் சாரதிக் கதவைத் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டால் தொல்லை தீராதா என்று கேட்பீர்கள். பிரித்தானியாவின் முதல் தனிப்பாதையே உங்கள் பக்கத்தில், வெஸ்டர்ன் அவெனியூவில், ஹாங்கர் லேனிலிருந்து கிரீன்போர்ட் நோக்கி 1934 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதை அன்று எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தார். 1888 ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டி என்று ஏற்று வீதியில் அதற்குத் தந்திருந்த இடத்தை, ஓரமாக ஒரு பாதை தந்து பறித்துவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதல்ல. ஆயினும் அவர்கள் அன்று எடுத்த நிலைப்பாட்டை என்னால் ஏற்கமுடியவில்லை; பிள்ளைகளும் முதியவர்களும் வேகமான கார்களோடு ஒரே தடத்தில் ஓடமுடியாது. தடுப்புச் சுவரோடு கூடிய நல்ல பாதைகள் வேண்டும் என்று உங்கள் கவுன்சிலிடம் நீங்களும் கேளுங்கள். அது உங்களுக்கும் வழிவிடும்.

சிவப்பு விளக்கைத் தாண்டுவது குற்றம். பொலிஸ் பிடித்தால் 50 பவுண் தண்டம். அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். பாதசாரிகளை அது அச்சுறுத்துகிறது. ஆனால் உங்கள் கடிதத்தின்படி, நீங்கள் ஏசிய பொடியன் எந்த விளக்கையும் தாண்டியிருக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் என்னை வருத்தியது கேள்வி அன்று. அதைக் கேட்ட இடம். கண்ணாடியை இறக்கி ஒருவன் காதில் விழும்படி சத்தம் போட்டீர்கள் என்றால், கார் அவனுக்கு மிக அருகில் போயிருக்கவேண்டும். பெரிய பிரித்தானியாவின் வீதிகளில் 2020 இல் 141 சைக்கிள்காரர்களும், 2023 இல் 87 பேரும் இறந்தார்கள். திடீரென்று காதருகில் எழும் சத்தத்துக்குக் கைப்பிடி ஒரு சாண் திரும்பினால் போதும். அவன் சிரித்தது உங்களை இகழ்வதற்காக என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர்களும் அப்படிச் சிரிப்பதுண்டு. முப்பது மைல் வேகம் வரை குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி விட்டுக் கடக்கவேண்டும், வேகம் கூடினால் இன்னும் அதிகம் விடவேண்டும், இடமில்லையென்றால் பின்னாலேயே வரவேண்டும் என்பது விதி. அடுத்த விளக்குவரை அவன் பின்னால் போங்கள். பெரும்பாலும் அங்கே இருவரும் ஒன்றாகத்தான் நிற்கப்போகிறீர்கள்.

அன்புடன்